பதில் கேட்டுவிட்டு நகருங்கள்: சோதனைக் கருவிகளுக்கு ஸ்கிப்பி கட்டளை எழுதும் முறை

எங்கள் தொழிற்சாலையில் தயாராவது டிசி-டிசி பவர் சப்ளை போர்டுகள். 12 வோல்ட் உள்ளே போகும், 5 வோல்ட் வெளியே வரும். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு போர்டும் என் பெஞ்சுக்கு வந்தாக வேண்டும். அங்கே மூன்று கருவிகள் வைத்திருக்கிறேன்: ஒரு 34401ஏ மல்டிமீட்டர், கணினியிலிருந்து இயக்கக்கூடிய ஒரு பவர் சப்ளை, போர்டிலிருந்து வேண்டிய அளவு கரண்டை இழுக்கும் ஓர் எலக்ட்ரானிக் லோடு. மூன்றையும் ஒரே கணினி நடத்துகிறது. அது அவற்றோடு பேசும் மொழிக்கு எஸ்சிபிஐ என்று பெயர். பெஞ்சில் எல்லோரும் ஸ்கிப்பி என்போம்.

பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் முதல் வாரத்தில் மேனுவலைத் திறந்து கட்டளைகளை மனப்பாடம் செய்யப் பார்க்கிறார்கள். அந்த உழைப்பு வீண். இலக்கணம் பிடிபட்டால் கட்டளை தானே வரும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. தப்பான கட்டளை போனால் கருவி தானாக வந்து சொல்லாது. முன்பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும், சிலது ஒரு பீப் அடிக்கும், அவ்வளவுதான். பிறகு பழைய செட்டிங்கிலேயே அளந்து ஓர் எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணைப் பார்த்தால் எந்தச் சந்தேகமும் வராது. அதை நம்பி ஒரு போர்டை பாஸ் போட்டு அனுப்பிவிடுவோம். அதனால், கட்டளை அனுப்பியதும் ‘ஏற்றுக்கொண்டாயா?’ என்று கருவியிடமே கேட்கிற பழக்கத்தைத்தான் நான் முதலில் கற்றுத்தருகிறேன். இந்தக் கட்டுரையும் அந்தப் பழக்கத்துக்காகத்தான்.

ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கருவிக்கு ஆங்கில எழுத்தில்தான் போக வேண்டும். எழுத்துக் கணக்கு முக்கியமான இடத்தில் எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன்.

எதற்காக இப்படி ஒரு மொழி என்று தெரிந்துகொள்வது நல்லது. எச்பி 3478ஏ என்ற பழைய மல்டிமீட்டர் ஒன்று எங்கள் அலமாரியில் இன்னும் இருக்கிறது. அதை டிசி வோல்டேஜ் அளக்க வைக்க ‘எஃப்1’ என்று அனுப்ப வேண்டும். ஆட்டோ ரேஞ்சுக்கு ‘ஆர்ஏ’, ஐந்தரை இலக்கத்துக்கு ‘என்5’. அடுத்த கம்பெனி மீட்டருக்கு இதில் ஓர் எழுத்துகூடப் பொருந்தாது; மீட்டரை மாற்றினால் புரோகிராம் முழுவதையும் திருப்பி எழுத வேண்டும். கம்பியும் கனெக்டரும் 1975-லேயே ஐஇஇஇ 488 என்ற தரத்தால் பொதுவாகிவிட்டன. ஆனால் அந்தக் கம்பியில் என்ன பேசுவது என்பது அவரவர் இஷ்டமாக இருந்தது. 1987-ல் வந்த 488.2 செய்தி எந்த வடிவில் இருக்க வேண்டும், எண்ணை எப்படி எழுத வேண்டும், கருவி தன் நிலையை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதை வரையறுத்தது. நட்சத்திரக் குறியோடு தொடங்கும் பொதுக் கட்டளைகள் அதில் வந்தவைதான். 1990-ல் அதன் மேல் ஸ்கிப்பி வந்து, வோல்டேஜ், கரண்ட், அவுட்புட், ட்ரிகர் என்று சொற்களையே பொதுவாக்கியது. அதன் கடைசிப் பதிப்பு 1999-க்கு உரியது. இப்போது ஐவிஐ ஃபவுண்டேஷன் அதைப் பராமரிக்கிறது.

கம்பியும் முதல் கேள்வியும்

ஸ்கிப்பிக்கு எந்தக் கம்பி என்பது பொருட்டல்ல. ஜிபிஐபி, யுஎஸ்பி, லேன், பழைய சீரியல் போர்ட் எல்லாவற்றிலும் அதே எழுத்துகள்தான் போகும். ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

ஜிபிஐபி என்றால், மேலே சொன்ன ஐஇஇஇ 488-ன் 24 பின் உள்ள கனத்த கனெக்டர்; ஒன்றின் முதுகில் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம். கணினியையும் சேர்த்து 15 சாதனங்கள் வரை, மொத்தக் கேபிள் 20 மீட்டருக்குள். ஒவ்வொரு கருவிக்கும் 0 முதல் 30 வரை ஒரு முகவரி. 34401ஏ தொழிற்சாலையிலிருந்து வரும்போது 22 என்ற முகவரியோடு வரும். ஒரே மாடல் மீட்டர் இரண்டை இணைத்தால் ஒன்றின் முகவரியைக் கட்டாயம் மாற்றுங்கள்.

லேனில் இரண்டு வழி. வெறும் சாக்கெட் திறந்து எழுத்துகளை அனுப்புவது ஒன்று: கீசைட், ரோடே அண்ட் ஷ்வார்ட்ஸ் கருவிகளில் போர்ட் 5025, ரைகோல் ஆசிலோஸ்கோப்பில் 5555. மற்றது விஎக்ஸ்ஐ-11, ஹைஸ்லிப் போன்ற முறைகள், ஹைஸ்லிப்புக்கு 4880. வெறும் சாக்கெட்டில் பாஸ்வேர்டு எதுவும் கிடையாது. அந்த நெட்வொர்க்கில் இருக்கிற யார் வேண்டுமானாலும் உங்கள் சப்ளையின் அவுட்புட்டை ஆன் செய்யலாம். அதனால் என் கருவிகளுக்குத் தனி சுவிட்ச் போட்டு, அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

34401ஏ-வை சீரியல் போர்ட்டில் இணைப்பவர்கள் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: நல்-மோடம் கேபிள் வேண்டும், தொழிற்சாலை செட்டிங் 9600 பாட், ஈவன் பாரிட்டி, 7 டேட்டா பிட், 2 ஸ்டாப் பிட், மீட்டரை ரிமோட்டுக்குக் கொண்டுவர ‘சிஸ்ட்:ரெம்’ என்ற கட்டளையை முதலில் அனுப்ப வேண்டும். ஜிபிஐபியில் இந்தக் கட்டளை தேவையில்லை, அங்கே அதற்கென்று ஒரு கம்பியே இருக்கிறது.

கணினிப் பக்கத்தில் நான் பயன்படுத்துவது பைதானும், அதிலிருந்து கருவிகளோடு பேச உதவும் பைவிசா என்ற நூலகமும். மூன்று செயல்கள் தெரிந்தால் போதும்: ரைட், ரீட், இரண்டையும் சேர்த்துச் செய்யும் குவெரி. இணைத்ததும் அனுப்ப வேண்டிய முதல் வரி:

*ஐடிஎன்?

பதிலாக, காற்புள்ளி இட்டுப் பிரித்த நான்கு விவரங்கள் வரும்: தயாரித்த நிறுவனம், மாடல், சீரியல் எண், உள்ளே இருக்கும் மென்பொருளின் பதிப்பு. எச்பி பெயர் போட்ட 34401ஏ மூன்றாவது இடத்தில் வெறும் 0 என்று மட்டும் தரும். காலிபரேஷன் சான்றிதழோடு ரிப்போர்ட்டை ஒத்துப்பார்க்கச் சீரியல் எண் வேண்டும் என்பதால், அந்த மீட்டருக்கு மட்டும் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து எண்ணைக் கையால் புரோகிராமில் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில் வராமல் டைம்-அவுட் ஆனால் முதலில் வரி முடிவைப் பாருங்கள். செய்தி முடிந்தது என்று கருவிக்குத் தெரிய வேண்டும். ஜிபிஐபியில் கடைசி எழுத்தோடு ஈஓஐ என்ற கம்பி சைகை காட்டும். வெறும் சாக்கெட்டில் அப்படி எதுவும் இல்லை. நியூலைன் எழுத்துதான் முடிவு. பைவிசாவில் சாக்கெட் திறக்கும்போது எழுதவும் படிக்கவும் நியூலைனையே முடிவாக வைத்துவிடுங்கள். ‘லேனில் போட்டேன், கருவி பேசவில்லை’ என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் குறை.

இலக்கணம்

ஸ்கிப்பி கட்டளை ஒரு கிளை விட்ட மரம். கடிதத்தில் ஊர், தெரு, வீடு என்று முகவரி எழுதுவதுபோல, பெரியதிலிருந்து சின்னதுக்குப் போகும். இடையில் பிரிப்பது முக்காற்புள்ளி, அதாவது கோலன்.

சென்ஸ்:வோல்ட்:டிசி:ரேஞ்ச் 10

சென்ஸ் என்றால் அளக்கும் பகுதி, அதில் வோல்டேஜ், அதில் டிசி, அதன் ரேஞ்ச். பிறகு ஓர் இடைவெளி, பிறகு மதிப்பு. அந்த இடைவெளி கட்டாயம். மதிப்பு ஒன்றுக்கு மேல் இருந்தால் நடுவில் காற்புள்ளி. கடைசியில் கேள்விக்குறி போட்டால் அதே கட்டளை கேள்வியாகிவிடும்: ‘சென்ஸ்:வோல்ட்:டிசி:ரேஞ்ச்?’ என்றால் இப்போது எந்த ரேஞ்சில் இருக்கிறது என்று பதில் வரும். ஒன்றை அமைக்கக் கட்டளை இருந்தால் பெரும்பாலும் அதைக் கேட்கவும் வழி இருக்கும். எல்லாவற்றுக்கும் இல்லை, ‘*ஆர்எஸ்டி’ போன்ற செயல்களுக்குக் கேள்வி வடிவம் கிடையாது.

ஒவ்வொரு சொல்லுக்கும் நீளமான வடிவம் ஒன்று, குறுகிய வடிவம் ஒன்று. மேனுவலில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் பகுதி குறுகியது. விதி எளிது: முதல் நான்கு எழுத்து. நான்காவது எழுத்து உயிரெழுத்தாக, அதாவது ஏ, ஈ, ஐ, ஓ, யு என்பதில் ஒன்றாக இருந்தால் முதல் மூன்று. சொல்லே நான்கு எழுத்துக்குள் அடங்கினால் அப்படியே முழுதாக. வோல்டேஜுக்கு வி-ஓ-எல்-டி. கரண்ட்டுக்கு சி-யு-ஆர்-ஆர். அவுட்புட்டுக்கு ஓ-யு-டி-பி. பவரில் நான்காவது எழுத்து ஈ; அதனால் பி-ஓ-டபிள்யூ மட்டும். இன்புட்டில் நான்காவது யு, அதனால் ஐ-என்-பி. ரெசிஸ்டன்ஸுக்கு ஆர்-ஈ-எஸ்.

குறுகியதை அனுப்பலாம், முழுதையும் அனுப்பலாம். நடுவில் நிற்கக் கூடாது. வி-ஓ-எல்-டி-ஏ என்று ஐந்தெழுத்து அனுப்பினால் கருவி அதை அறியாத சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. புரோகிராமில் நான் நீள வடிவத்தைத்தான் எழுதுகிறேன். இன்றைய கம்பியில் பத்து எழுத்து கூடுவதால் ஒன்றும் தாமதம் இல்லை. இரவு ஷிஃப்டில் வேறொருவர் அந்தக் கோப்பைத் திறக்கும்போது படித்தவுடன் புரிய வேண்டும்.

மேனுவலில் சதுர அடைப்புக்குள் இருக்கும் சொற்களை விட்டுவிடலாம். பவர் சப்ளையில் வோல்டேஜ் அமைக்கும் கட்டளையின் முழு வடிவம் [சோர்ஸ்:]வோல்டேஜ்[:லெவல்][:இமீடியட்][:ஆம்ப்ளிட்யூட்] என்று நீண்டிருக்கும். அடைப்பை எல்லாம் விட்டால் மிஞ்சுவது ‘வோல்ட் 12’. இரண்டும் ஒன்றுதான். அடைப்புக்குறியைச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள், அது அச்சுக்கான அடையாளம் மட்டுமே. கோண அடைப்பும் செங்குத்துக் கோடும் அப்படித்தான். வளைந்த அடைப்பு மட்டும் ஓரிடத்தில் உண்மையாகவே அனுப்பப்படும்: சேனல் பட்டியலில். ‘(@101:110)’ என்றால் 101 முதல் 110 வரையிலான சேனல்கள்.

இப்போது அரைப்புள்ளி. நிறையப் பேர் தடுக்குவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஒரே வரியில் பல கட்டளைகளை அரைப்புள்ளி இட்டுச் சேர்க்கலாம். சேர்க்கும்போது கருவி முந்தைய கட்டளையின் கிளையிலேயே நின்றுகொண்டிருக்கும்.

சென்ஸ்:வோல்ட்:டிசி:ரேஞ்ச் 10;என்பிஎல்சி 1

இது சரி. ரேஞ்சும் என்பிஎல்சியும் (ஒரு ரீடிங்கை எவ்வளவு நேரம் எடுப்பது என்ற செட்டிங், பிறகு விளக்குகிறேன்) ‘சென்ஸ்:வோல்ட்:டிசி’ என்ற ஒரே கிளையில் இருப்பதால் இரண்டாவதற்கு முழு முகவரி வேண்டாம். ஆனால்:

சென்ஸ்:வோல்ட்:டிசி:ரேஞ்ச் 10;ட்ரிக்:கவுன் 5

இது தப்பு. கருவி ‘சென்ஸ்:வோல்ட்:டிசி:ட்ரிக்:கவுன்’ என்று ஒரு கட்டளையைத் தேடும். அப்படி ஒன்று இல்லை. வேரிலிருந்து தொடங்கு என்று சொல்ல, அரைப்புள்ளிக்கு அடுத்து ஒரு கோலன் வேண்டும்:

சென்ஸ்:வோல்ட்:டிசி:ரேஞ்ச் 10;:ட்ரிக்:கவுன் 5

அந்த ஒரு புள்ளிக்குறி விட்டுப்போனால் ரேஞ்ச் மாறியிருக்கும், ட்ரிகர் எண்ணிக்கை மாறியிருக்காது; பாதி வேலை நடந்திருக்கும். நட்சத்திரக் கட்டளைகள் இந்தக் கணக்கில் சேராது; நடுவில் வந்தாலும் கிளை மாறாது. புதியவர்களுக்கு என் வேண்டுகோள், ஒரு வரிக்கு ஒரு கட்டளை. சேர்த்து எழுதினால் பிழை வரும்போது எது தப்பு என்று தேட வேண்டியிருக்கும்.

மதிப்புகளில் கவனிக்க வேண்டியவை

பெரும்பாலான எண்களுக்குப் பதிலாக ‘மின்’, ‘மேக்ஸ்’ என்று அனுப்பலாம். கேள்வியிலும் செல்லும்: ‘வோல்ட்? மேக்ஸ்’ என்று கேட்டால் அந்த சப்ளை எதுவரை கொடுக்கும் என்று பதில் வரும். புதுக் கருவி வந்தால் அதன் எல்லைகளை இப்படித்தான் அதனிடமே கேட்டுக் குறித்துக்கொள்கிறேன்.

அலகையும் சேர்த்து அனுப்பலாம். நான் பரிந்துரைக்க மாட்டேன். எம் என்ற முன்னொட்டு மில்லியைக் குறிக்கும். ஆனால் ஹெர்ட்ஸுக்கும் ஓமுக்கும் முன்னால் வந்தால் அதே எம் மெகா ஆகிவிடும். அலகைப் பொறுத்து ஒரே எழுத்து ஆயிரத்தில் ஒன்றாகவும் பத்து லட்சமாகவும் மாறுகிற இடத்தில் எதற்கு வம்பு? 5 மில்லிவோல்ட்டுக்கு 0.005, 10 மெகாஹெர்ட்ஸுக்கு 10ஈ6 (பத்தின் ஆறாம் அடுக்கால் பெருக்கிய 10) என்று அடிப்படை அலகிலேயே எழுதிவிடுங்கள்.

ஆன், ஆஃப் என்று அமைக்கலாம், 1, 0 என்றும் அமைக்கலாம். கேட்டால் பதில் எப்போதும் 1 அல்லது 0 ஆகத்தான் வரும். புரோகிராமில் ‘ஆன்’ என்ற சொல்லோடு ஒப்பிட்டால் அந்தச் சோதனை ஒருநாளும் பொருந்தாது.

இன்னொன்று, ரேஞ்சைத் தாண்டிய அளவு. மல்டிமீட்டரின் முகப்பில் ஓவர்லோடு என்று காட்டும் நேரத்தில் கணினிக்கு 9.9ஈ37 என்ற எண் போகும். முடிவிலிக்கு ஸ்கிப்பி வைத்திருக்கும் அடையாளம் அது. சராசரி எடுக்கும் புரோகிராமுக்குள் இது ஒரு முறை புகுந்தாலும் மொத்தமும் கெட்டுவிடும். ரீடிங் 1ஈ37-ஐத் தாண்டினால் அதை எண்ணாக எடுக்காமல் தனியாக நிறுத்துங்கள்.

பிழையைக் கேட்பது

சிஸ்ட்:எர்ர்?

இந்த வரிதான் என் பெஞ்சின் உயிர். கருவிக்குள் பிழைகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வந்த பிழை முதலில் வெளியே வரும்; ஒரு கேள்விக்கு ஒரு பிழைதான் கிடைக்கும். அதனால் 0 வரும் வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். 34401ஏ 20 பிழைகள் வரை வைத்திருக்கும். நிரம்பி வழிந்தால் கடைசி இடத்தில் -350 என்று போட்டுவிட்டு, அதற்குப் பின் வருவதைச் சேர்க்காது.

எண்ணைப் பார்த்தே வகை தெரியும். -100களில் இருந்தால் கட்டளையின் எழுத்திலேயே தப்பு: -113 என்றால் அப்படி ஒரு கட்டளை இல்லை, -109 என்றால் மதிப்பு விட்டுப்போயிருக்கிறது. -200களில் இருந்தால் எழுத்து சரி, செய்ய முடியவில்லை: -222 என்றால் கேட்ட மதிப்பு எல்லைக்கு வெளியே, -221 என்றால் வேறொரு செட்டிங்கோடு மோதுகிறது. -300கள் கருவியின் உள் விவகாரம். -400கள் கேள்வி-பதில் ஒழுங்கு குலைந்தது: -410 என்றால் முந்தைய பதிலைப் படித்து முடிக்காமல் அடுத்ததை அனுப்பியிருக்கிறீர்கள், -420 என்றால் கேள்வி கேட்காமலே பதிலுக்குக் காத்திருக்கிறீர்கள். -400 வந்தால் கட்டளையின் எழுத்துகளை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை. புரோகிராமில் ரைட்டும் ரீடும் எந்த வரிசையில் வருகின்றன என்று பாருங்கள்.

நான் செய்திருப்பது இதுதான். பைவிசாவின் ரைட்டை நேரடியாக யாரும் அழைக்கக் கூடாது. அதற்குப் பதில் ‘அனுப்பு’ என்று ஒரு சின்ன ஃபங்ஷன். அது கட்டளையை அனுப்பும், உடனே பிழை வரிசையைக் கேட்கும், 0 இல்லையென்றால் கட்டளை, பிழை எண், நேரம் மூன்றையும் லாகில் எழுதிவிட்டு டெஸ்டை நிறுத்தும். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கேள்வி கூடுவதால் சில மில்லிசெகண்டு ஆகும். போர்டை ஃபிக்ஸ்சரில் வைத்துப் பூட்டவே அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. வேகம் வேண்டும் என்று சொல்லி இந்தக் கேள்வியை எடுத்துவிட யார் கேட்டாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை.

‘*ஆர்எஸ்டி’ கருவியைத் தெரிந்த ஒரு நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் பிழை வரிசையைத் துடைக்காது. துடைப்பது ‘*சிஎல்எஸ்’. இரண்டையும் சேர்த்தே அனுப்புங்கள். இல்லாவிட்டால் நேற்று யாரோ விட்டுச்சென்ற பிழை இன்றைய முதல் போர்டின் தலையில் விழும்.

இதோடு ‘*ஈஎஸ்ஆர்?’ என்ற கேள்வியும் உண்டு. ஓர் எண் வரும். அதில் 32 இருந்தால் கட்டளைப் பிழை, 16 என்றால் செயல் பிழை, 8 கருவிப் பிழை, 4 கேள்விப் பிழை. எனக்கு இதில் பிடித்தது 128. கருவி அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். எங்கள் பக்கம் கரண்ட் ஒரு நொடி போய் வருவது சகஜம். கணினிக்கு யுபிஎஸ் இருக்கிறது, பெஞ்சில் எல்லாவற்றுக்கும் இல்லை. லேனில் இருக்கும் கருவி என்றால் இணைப்பு அறுந்து புரோகிராம் நின்றுவிடும், தெரிந்துவிடும். ஜிபிஐபியில் அப்படி இல்லை: மீட்டர் புதிதாக எழுந்து, செட்டிங் எல்லாம் மறந்து, அடுத்த கேள்விக்கு ஒன்றும் நடக்காததுபோலப் பதில் சொல்லும். அதனால் ஒவ்வொரு போர்டுக்கும் முன்னால் ‘*ஈஎஸ்ஆர்?’ கேட்கிறேன். 128 தெரிந்தால் செட்டிங் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பிய பிறகுதான் அடுத்த போர்டு. படித்ததும் அந்த எண் அழிந்துவிடும் என்பதால் ஒரே இடத்தில் படித்து, வந்ததைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அளப்பது, காத்திருப்பது

அளக்க மூன்று வழி. ‘மெஷ்:வோல்ட்:டிசி?’ என்று ஒரே வரியில் கேட்டால் மீட்டர் தானே அமைத்து, அளந்து, பதில் தரும். விரைவாக ஒன்றைப் பார்க்க இது போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக அமைக்கும். நீங்கள் முன்பு வைத்த நுணுக்கம் எதுவும் தங்காது. டெஸ்ட் புரோகிராமுக்கு இரண்டாவது வழிதான் நல்லது:

கான்ஃப்:வோல்ட்:டிசி 10
சென்ஸ்:வோல்ட்:டிசி:என்பிஎல்சி 10
ரீட்?

கான்ஃப் முதலில், மற்றதெல்லாம் பிறகு. வரிசை மாறினால் கான்ஃப் உங்கள் என்பிஎல்சியை அழித்துத் தன் வழக்கமான மதிப்பை வைத்துவிடும். பிழை எதுவும் வராது, ஏனென்றால் கட்டளைகள் எல்லாம் செல்லுபடியானவைதான். ‘மெஷ்’ என்பது கான்ஃபும் ரீடும் சேர்ந்தது, ‘ரீட்?’ என்பது ‘இனிட்’டும் ‘ஃபெட்ச்?’சும் சேர்ந்தது. மூன்றாவது வழி அந்த இரண்டையும் பிரித்து அனுப்புவது. நிறைய ரீடிங் ஒரே மூச்சில் எடுக்க இது உதவும். 34401ஏ தன் நினைவில் 512 ரீடிங் வரை வைத்துக்கொள்ளும்.

என்பிஎல்சி என்றால் மின்சாரத்தின் எத்தனை சுற்றுக்கு ஒரு ரீடிங் எடுப்பது என்ற கணக்கு. நமக்கு 50 ஹெர்ட்ஸ், ஒரு சுற்று 20 மில்லிசெகண்டு. முழுச் சுற்றுகளாக அளந்தால் வயரில் ஏறும் மின்சார இரைச்சல் கூட்டிக் கழித்துக் காணாமல் போகும். 100 வைத்தால் ஒரு ரீடிங்குக்கு 2 செகண்டு. ஆட்டோ ஜீரோவும் ஆனாக இருந்தால் பூஜ்ஜியத்தையும் ஒருமுறை அளக்கும், ஆக 4 செகண்டு. பைவிசாவுக்கு அடியில் இயங்கும் விசாவின் வழக்கமான டைம்-அவுட் 2 செகண்டுதான். மீட்டர் ஒழுங்காக அளந்துகொண்டிருக்கும்போதே கணினி பொறுமை இழந்து நின்றுவிடும். அளவு நேரத்தைக் கணக்கிட்டு, அதைவிடத் தாராளமாக டைம்-அவுட் வையுங்கள்.

காத்திருக்க ‘*ஓபிசி?’ இருக்கிறது. கையிலிருக்கும் வேலைகள் முடிந்ததும் 1 என்று பதில் வரும்; அதுவரை உங்கள் ரீட் அங்கேயே நிற்கும். குத்துமதிப்பாக அரை செகண்டு, ஒரு செகண்டு என்று தூங்க வைப்பதைவிட இது நம்பகமானது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. பவர் சப்ளை ‘முடிந்தது’ என்று சொல்வது தன் வேலையைப் பற்றித்தான். உங்கள் போர்டில் இருக்கும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டதா என்பது அதற்குத் தெரியாது. அதை மீட்டரிடம்தான் கேட்க வேண்டும்: அடுத்தடுத்த இரண்டு ரீடிங் ஒன்றுக்கொன்று சில மில்லிவோல்ட்டுக்குள் வரும் வரை அளந்துகொண்டிருங்கள், மேல் எல்லை ஒன்றும் வையுங்கள்.

ஒரு போர்டு, தொடக்கம் முதல் முடிவு வரை

பவர் சப்ளைக்குப் போகும் வரிகள்:

*ஆர்எஸ்டி
*சிஎல்எஸ்
வோல்ட் 12
கர்ர் 1.5
வோல்ட்:ப்ராட் 14
அவுட்ப் ஆன்
*ஓபிசி?

பாதுகாப்பு எல்லைகள் எல்லாம் அவுட்புட் ஆனாவதற்கு முன்பு. கர்ர் 1.5 என்பது ஷார்ட் ஆன போர்டு வந்தால் அதைக் காப்பாற்றும் எல்லை. வோல்ட்:ப்ராட் 14 என்பது வோல்டேஜ் 14-ஐத் தாண்டாமல் காக்கும் எல்லை. ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பிழைக் கேள்வி இருக்கிறது என்பதை இங்கே எழுதாவிட்டாலும் நினைவில் வையுங்கள். ‘கர்ர்’ வரியை சப்ளை ஏற்காமல் விட்டு அவுட்புட் மட்டும் ஆனானால் என்ன ஆகும் என்று யோசித்தால் அதன் அருமை புரியும்.

லோடு இன்னும் ஆனாகவில்லை. இப்போது மீட்டரில் ‘ரீட்?’ கேட்டு 5 வோல்ட் வருகிறதா என்று பார்க்கிறேன். வந்தால் மட்டும் லோடு:

ஃபங்க் கர்ர்
கர்ர் 2
இன்ப் ஆன்

லோடில் அவுட்புட் என்று இல்லை, இன்புட். மின்சாரம் அதற்குள் போகிறது அல்லவா. முதல் வரி மாறாத கரண்ட் முறைக்கு. சில நிறுவனங்களின் லோடில் ‘ஃபங்க்’ இடத்தில் ‘மோட்’ வரும், மேனுவலைப் பாருங்கள். ஸ்கிப்பி பொதுமொழி என்றாலும் ஒவ்வொரு நிறுவனமும் தன் பங்குக்குக் கிளைகளைச் சேர்த்திருக்கிறது. நட்சத்திரக் கட்டளைகள், பிழை வரிசை, கோலன்-அரைப்புள்ளி விதி, இவை எங்கே போனாலும் உதவும். மற்றதைக் கருவியோடு கருவி சரிபார்க்க வேண்டும்.

பிறகு அளவுகள். சப்ளையிடம் ‘மெஷ்:கர்ர்?’ கேட்டால் உள்ளே போகும் கரண்ட். உள்ளே 12.00 வோல்ட், 0.930 ஆம்பியர் என்றால் 11.16 வாட். வெளியே மீட்டர் 5.02 வோல்ட் காட்டி, லோடு 2 ஆம்பியர் எடுத்தால் 10.04 வாட். திறன் 90 சதவீதம். மீட்டரின் வயர்களை லோடின் முனையில் வைக்காமல் போர்டின் முனையிலேயே வையுங்கள். 2 ஆம்பியர் ஓடும்போது 50 மில்லிஓம் வயர்கூட 0.1 வோல்ட்டைத் தின்றுவிடும். நல்ல போர்டு ஃபெயில் ஆகும்.

அணைக்கும்போது தலைகீழ் வரிசை: லோடில் ‘இன்ப் ஆஃப்’, பிறகு சப்ளையில் ‘அவுட்ப் ஆஃப்’. இந்த இரண்டு வரியும் பைதானின் ஃபைனலி பகுதியில் இருக்க வேண்டும். டெஸ்ட் எந்த இடத்தில் எந்தக் காரணத்தால் நின்றாலும் அவை ஓடியே தீர வேண்டும். அடுத்த போர்டை வைக்கக் கை நீட்டுகிறவர் ஃபிக்ஸ்சரில் மின்சாரம் இல்லை என்ற நம்பிக்கையில்தான் நீட்டுகிறார். அணைத்த பிறகு ‘அவுட்ப்?’ என்று கேட்டு 0 வந்தால்தான் திரையில் பச்சை காட்டுகிறேன்.

ஆசிலோஸ்கோப்பிலிருந்து அலைவடிவம் எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பதில் எழுத்துகளாக இல்லாமல் பைனரி கட்டாக வரலாம். முதலில் # குறி, அடுத்து ஓர் இலக்கம், அந்த இலக்கம் சொல்லும் அளவுக்கு நீள எண், அதன் பின் தரவு. #41200 என்று தொடங்கினால் அடுத்த நான்கு இலக்கம் நீளம், அதாவது 1200 பைட். தரவுக்குள் நியூலைனின் மதிப்பான 10 தற்செயலாக வரலாம். சாக்கெட்டில் நியூலைன் வரை படி என்று விட்டிருந்தால் அலை பாதியில் வெட்டுப்படும், மீதி அடுத்த கேள்வியின் பதிலோடு கலக்கும். இத்தகைய கேள்விக்கு நீளத்தைப் பார்த்துப் படிக்கும் பைனரி குவெரியைப் பயன்படுத்துங்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் சீரியலில் இருக்கும் மீட்டருக்கு ‘சிஸ்ட்:லோக்’ அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து வருகிறவர் லோக்கல் பட்டனை அழுத்தும் வரை மற்ற முன்பக்கப் பட்டன்கள் வேலை செய்யாது. ஜிபிஐபி, லேன் கருவிகளிலும் லோக்கல் பட்டனை ஒரு முறை அழுத்தினால் போதும்.